எண்ணெய் வண்ண உருவப்பட ஓவியம்

எண்ணெய் வண்ண உருவப்பட ஓவியம் என்பது, உலரும் இயல்புடைய எண்ணெயில் நிறமிகளைக் குழைத்துப் பெறும் வண்ணங்களால் ஒருவரது முகத்தையோ முழு உருவத்தையோ ஒப்புமை தோன்றத் தீட்டும் கலையாகும். இது தைலவண்ண உருவப்படம் எனவும் வழங்கப்படுகிறது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் பெருவளர்ச்சி பெற்ற இம்முறை, தென்னிந்தியாவில் 19ஆம் நூற்றாண்டில் அரசவை ஓவியர்கள் வழியாகப் பரவியது. தொடக்கத்தில் சிலரால் மறைத்துக் காக்கப்பட்ட இந்நுட்பம், இன்று கவின்கலைக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் பாடமாக உள்ளது.

வரலாறு

ரவி வர்மாவின் பயிற்சி

கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்த ராஜா ரவி வர்மா, 1862இல் தம் மாமாவால் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கு அரசவை ஓவியராக இருந்த இராமசாமி நாயுடு, எண்ணெய் வண்ண நுட்பத்தை இளைஞரான ரவி வர்மாவுக்குக் கற்றுத்தர விரும்பவில்லை என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. நாயுடுவின் மாணவரான ஆறுமுகம் பிள்ளை, தமக்குத் தெரிந்தவற்றை ரவி வர்மாவுக்கு மறைவாகச் சொல்லிக்கொடுத்தார் எனவும் அவை குறிப்பிடுகின்றன.

1868இல் திருவிதாங்கூருக்கு வந்த ஐரோப்பிய உருவப்பட ஓவியர் தியோடர் ஜென்சனும் நேரடியாகக் கற்பிக்கவில்லை. தாம் தீட்டும்போது அருகிலிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். ஆகவே ரவி வர்மா பெரும்பாலும் பார்த்தும், தாமே செய்து தவறுகளைத் திருத்தியும் கற்றார். 1873இல் வியன்னாவில் நடந்த கண்காட்சியில் அவரது ஓவியம் பரிசு பெற்றது.

கல்வி நிறுவனங்கள்

அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசு ஏற்று நடத்திய இப்பள்ளி நெடுங்காலம் கைத்தொழில்களுக்கே முதன்மை அளித்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைப் பொறுப்பேற்ற பின்னர் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கூடுதல் இடம் கிடைத்தது. கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் இங்கு அவரிடம் பயின்று, 1957இல் இதன் முதல்வரானார். இப்பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி ஆகும். கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி ஒன்று இயங்குகிறது.

இவற்றுக்கு வெளியே, திரைப்பட விளம்பரப் பதாகைகளை வரைந்த கூடங்களும் பயிற்சிக் களங்களாக விளங்கின. புகைப்படத்தின் மேல் கட்டங்கள் இட்டு, அதே விகிதத்தில் பெரிதாக்கி முகம் தீட்டும் முறையை உதவியாளர்கள் அங்கு கற்றனர். 2000களில் கணினி அச்சுப் பதாகைகள் பரவியதும் இவ்வழி பெரும்பாலும் அடைபட்டது.

எண்ணெய் வண்ணத்தின் இயல்பு

நீர்வண்ணம் நீர் ஆவியாவதால் உலர்கிறது. எண்ணெய் வண்ணமோ அவ்வாறு உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து கெட்டியான படலமாக மாறுகிறது. மேற்பரப்பு தொடும் அளவுக்கு உலரச் சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். முழுமையாக இறுகப் பல மாதங்கள் தேவைப்படும். இத்தாமதமே உருவப்படத்துக்கு ஏற்றதாகிறது. கன்னத்தின் ஒளிப்பகுதியை நிழற்பகுதியுடன் இழைக்கவும், பிழையைத் துடைத்து மீண்டும் தீட்டவும் போதிய நேரம் கிடைக்கிறது.

இதிலிருந்தே மாணவர் முதலில் அறியவேண்டிய விதி பிறக்கிறது. கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறாகச் செய்தால் மேலடுக்கு முதலில் இறுகிவிடும். கீழடுக்கு அதன்பின் உலர்ந்து அசையும்போது ஓவியத்தில் வெடிப்புகள் தோன்றும்.

பயிற்சிப் படிகள்

1. கித்தானை ஆயத்தம் செய்தல்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் பசையும் வெள்ளைப் பூச்சும் இடப்படுகின்றன. இவையின்றி எண்ணெய் நேரடியாகப் பட்டால் துணியின் இழைகள் நாளடைவில் நைந்துவிடும்.

2. கரிக்கோல் வரைவு: கண்கள் தலையின் மொத்த உயரத்தில் ஏறத்தாழ நடுவில் அமைகின்றன. இரு கண்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ ஒரு கண்ணின் அகலமாகும். புதிய மாணவர்கள் பலர் கண்களை மேலே வரைந்து நெற்றியைக் குறுக்கிவிடுவர்.

3. அடித்தீட்டல்: டர்பென்டைன் கலந்து நீர்த்த பழுப்பு வண்ணத்தால் ஒளியும் நிழலும் மட்டும் பிரித்துக் காட்டப்படுகின்றன. நிறத்தைப் பற்றிய கவலையின்றி வடிவத்தைச் சரிபார்க்க இது உதவும்.

4. வண்ணப்பரப்பு அமைத்தல்: நிழல், இடைநிறம், ஒளி என்னும் வரிசையில் பெரிய பரப்புகள் முதலில் தீட்டப்படுகின்றன. கண்ணிமை, உதட்டோரம் போன்ற நுண்பகுதிகள் இறுதியிலேயே வரும்.

5. மெருகுப் பூச்சு: ஓவியம் நன்கு உலர்ந்த பின்னரே வார்னிஷ் பூசப்படுகிறது. இதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருப்பது வழக்கம்.

தோல் நிறமும் ஒளியும்

ஐரோப்பியக் கையேடுகள் பல, வெள்ளையும் சிவப்பும் கலந்த இளஞ்சிவப்பு நிறத்தைத் தோலுக்குரிய தொடக்க நிறமாகக் கொள்கின்றன. தமிழ்நாட்டு முகங்களுக்கு இது பொருந்தாது. இங்கு பழுப்பு, மஞ்சட்காவி, சிவப்பு ஆகியவற்றின் கலவையிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். கருமையான தோலை வெளிறச் செய்ய வெள்ளையை மிகுதியாகக் கலந்தால் முகம் சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். அத்தோலின் மேல் பளிச்சிடும் ஒளிப்புள்ளிகள் வானொளியால் சற்றே நீலம் சார்ந்திருக்கும். கும்பகோணம், சென்னை அரசுக் கல்லூரிகளில் பயின்ற ஓவியர் இளையராஜா (1979–2021), கிராமத்துப் பெண்களின் கருநிறத்தை மாற்றாமலேயே அதன் ஒளியைத் தீட்டியமைக்காகப் புகழ்பெற்றார்.

ஒளியின் திசை குறித்தும் இத்தகைய வேறுபாடு உண்டு. வடக்குச் சாளரத்தில் நேரடி வெயில் விழாது என ஐரோப்பிய நூல்கள் கூறும். ஆனால் கோயம்புத்தூர் ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஆகவே ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடபுறமாகச் செல்கிறது. இக்காலத்தில் இங்கு வடக்குச் சாளரத்திலும் வெயில் படலாம். வெள்ளைத் துணித் திரையிட்டால் ஒளி சீராகும்.

கொங்கு நாட்டில் கவனிக்கத்தக்கவை

கோயம்புத்தூர் - மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களில் பயிலும் மாணவர் சிலவற்றைக் கருத்தில் கொள்ளுதல் நன்று.

தூசி: ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, உலராத ஓவியத்தில் தூசியைப் படியச் செய்யும். ஓவியத்தைச் சுவரை நோக்கிச் சாய்த்து வைப்பது வழக்கம்.

தீ: ஆலைப் பகுதிகளில் எளிதில் கிடைக்கும் கழிவுப் பஞ்சு தூரிகை துடைக்கப் பயன்படுகிறது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த பஞ்சைக் குவித்து வைத்தால், எண்ணெய் ஆக்சிசனுடன் வினைபுரியும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றக்கூடும். அதனை நீரில் நனைத்து, மூடியுள்ள உலோகக் கலத்தில் இடவேண்டும்.

காற்றோட்டம்: டர்பென்டைன் ஆவி தலைவலியையும் மூச்சு எரிச்சலையும் தரும். மூடிய அறையில் அதனைப் பயன்படுத்தலாகாது.

மூல ஓவியங்களைக் காணல்: அச்சுப் படத்தில் தூரிகைத் தடத்தின் தடிப்பும் அடுக்குகளின் வரிசையும் தெரிவதில்லை. கோவையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்திலும், சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலும் மூல ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. எழும்பூரில் ரவி வர்மாவின் ஓவியங்களும் உள்ளன. கற்பிப்பார் இல்லாத நிலையில் ரவி வர்மா கைக்கொண்ட வழியும் இவ்வாறு அருகிலிருந்து உற்றுப் பார்த்தலே ஆகும்.