வெள்ளத்தின் வழியும் கரையோரக் கட்டட விதிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை என்பது நாம் கீழ்வகுப்பிலே கற்ற பாடம். ஆறில்லாத நாட்டிலே வெள்ளம் ஏது என வினவுவாரும் உளர். ஆறுள்ள நாட்டிலே பெருகிய நீருக்கு ஆறே வழியாகும். இங்கோ, ஒழுங்கையும் வாய்க்காலும் குளமும் தரவையும் ஒன்றுகூடியே அவ்வழியை அமைக்கின்றன. அவற்றுள் ஒன்று அடைபடினும் நீர் வீட்டு முற்றத்தை நாடி வரும்.

குடாநாட்டின் மழை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடியப் பொழிகின்றது. 2008 நவம்பர் 25ஆந் திகதி, ‘நிஷா’ புயலின்போது, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் பெய்தது. ஓராண்டு மழையின் மூன்றிலொரு பங்குக்கு அண்மிய நீர் ஒரு பகலிலும் ஓர் இரவிலும் வந்து விழுந்ததென்றால் எவ்வாய்க்கால்தான் தாங்கும்?

ஆயின், அந்நீரை எல்லாம் விரைந்து கடலுக்கு ஓட்டிவிடுதலே நலம் என எண்ணுதலும் பொருந்தாது. நம் நிலத்தின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளினூடே இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்திற்கு அது உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறையின் கீழே நாற்பது அடி குறையும். மாரியில் வீணே கடலுக்கு விட்ட நீரின் இழப்பைச் சித்திரையிற் கிணற்று நீரின் உவர்ப்பிலே சுவைத்தறியலாம்.

இதனை நம் முன்னோர் கணக்கின்றியே அறிந்திருந்தனர் போலும். ஊர்தோறும் குளமும் கேணியும் வெட்டி, ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழியும்படி விட்டனர். அளவெட்டிப் பக்கத்திலிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலியருகே கடனீரேரியை அடையும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும் இத்தகைய வடிகாலேயாம். 1950களிலே பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டமும் மழைநீரை உடனே கடலுக்கு விடாது கடனீரேரிகளிலே தேக்கும் கருத்தினின்றும் பிறந்ததே.

இனி, தனியொரு வீட்டுக்காரன் செய்யும் தீங்கினை நோக்குவோம். கிளுவைக் கதிகாலும் பனையோலையும் கொண்ட வேலி, காணியைக் காத்தது, நீரையோ மறித்ததில்லை. இன்று எழும் சீமெந்துக்கல் மதிலோ ஓர் அணையே. பழைய மாணவருட் பலர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பித் தாழ்ந்த காணியை வாங்கி, மண்ணிட்டு உயர்த்தி, நாற்புறமும் மதில் எழுப்புகின்றனர். அவர்தம் வீட்டில் நீர் ஏறுவதில்லை. அயலவன் வீட்டில் ஏறுகின்றது. அவ்வீட்டு மலகூடக் குழியும் கிணறும் ஒருங்கே மூழ்கும்போது வரும் நோய்க்கு மதில் இல்லை. மதிலின் அடியிலே சில துவாரங்கள் விடுதல் பெருஞ் செலவன்று.

சட்டம் இவற்றைப் பேசாமலில்லை. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் கட்டடத்திற்கு முன்அநுமதியை வேண்டுகின்றன. வரைபடத்திற் காட்டிய வடிகால் நிலத்திலும் உளதோ எனச் சென்று பார்ப்பதிலேதான் குறைபாடு.

கடற்கரைக்குத் தனிச் சட்டம் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்புறமாக 300 மீற்றரையும், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்புறமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்தது. கடனீரேரி முதலியவற்றுக்குத் தனி ஏற்பாடுகளும் உள. இவ்வலயத்துள் வீடோ மதிலோ கட்டுதற்கு அநுமதிப்பத்திரம் வேண்டும். மீன்பிடித்தலுக்கும் மரம் நடுதலுக்கும் வேண்டியதில்லை. 300 மீற்றருள் கட்டவே கூடாதென்று பலர் மயங்குகின்றனர். அஃது அநுமதி பெறவேண்டிய எல்லை. கட்டடம் விலகி நிற்கவேண்டிய தூரம் வேறு, அது கரைக்குக் கரை மாறுபடும்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கை அழித்தபின், வடக்குக் கிழக்கில் 200 மீற்றரும் தெற்கு மேற்கில் 100 மீற்றரும் கட்டடமற்ற இடமாக விடப்படவேண்டும் என அரசு விதித்தது. கரைவலையும் வாடியும் கரையிலிருக்க, மீனவன் மட்டும் உள்ளே குடியேறுவது எங்ஙனம் என்ற முறைப்பாடு நியாயமானதே. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டு, கரையின் தன்மைக்கேற்ற தூரங்கள் இடம்பெற்றன. மணற்காட்டு மணற்குன்றுகளைப் போன்றவை எம்மதிலினும் சிறந்த அரண். அவற்றின் மணலை அள்ளி வீடு கட்டுவோர் அரணைப் பெயர்த்து அறையாக்குகின்றனர்.

காணி வாங்குவோர் உறுதியைப் படிப்பதோடு நில்லாது, கார்த்திகை மழையில் ஒருமுறை அக்காணியிற் சென்று நிற்றல் வேண்டும். நீர் எப்பக்கத்தால் வந்து எப்பக்கத்தாற் போகின்றதென்பதை அயலிலுள்ள முதியோர் விரல்நீட்டிக் காட்டுவர். அவ்விரு பக்கமும் மதில் வேண்டுமாயின் மதகு வைத்தே கட்டுக.