அரமா, மெஷினா? ஃப்ரெட் மட்டத்தின் கணக்கு

கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், "இந்த ஒரு இடத்துல மட்டும் இரையுது" என்பது. மற்ற இடங்களில் எல்லாச் சுரமும் சுத்தமாகப் பேசும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில், ஏழாவதில் விரல் வைத்தால் மட்டும் கம்பி எங்கோ உலோகத்தில் உரசி 'ஸ்ர்ர்' என்கிறது. விரல் வைத்த ஃப்ரெட்டை நாம் சந்தேகிப்போம். குற்றவாளி பெரும்பாலும் அதற்கு அடுத்தது. எட்டாவது ஃப்ரெட் தன் அண்டை அயலைவிடக் கொஞ்சம் தலைதூக்கி நிற்கிறது. அந்தத் தலையைச் சீவி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் ஃப்ரெட் லெவலிங். காலங்காலமாக அரத்தாலும் உப்புத்தாளாலும் நடந்துவந்த இந்த வேலையை இப்போது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் செய்யும் இயந்திரமும் இருக்கிறது. இரண்டில் எது மேல் என்று கிட்டார்க்காரர்கள் கட்சி கட்டி வாதாடுகிறார்கள்.

வாதத்துக்குள் போகுமுன் 'கொஞ்சம்' என்றேனே, அது எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டாரில், தலைப்பக்கத்து நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை கம்பியின் நீளம் சுமார் 648 மி.மீ. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி 1.6 மி.மீ. உயரத்தில் நிற்பது வழக்கமான அமைப்பு. அப்படியானால் பிரிட்ஜ் அருகே, ஃப்ரெட்டுகளின் தளத்திலிருந்து கம்பி ஏறத்தாழ 3 மி.மீ. உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு ஃப்ரெட்டும் பிரிட்ஜிலிருந்து இருக்கும் தூரம், அதற்கு முந்தைய ஃப்ரெட்டின் தூரத்தை 1.0595 ஆல் வகுத்தால் வருவது. இந்த விகிதம் மாறுவதே இல்லை. ஆகவே கழுத்து நேராக இருக்கும்போது, முதல் ஃப்ரெட்டை அழுத்தினாலும் சரி, பன்னிரண்டாவதை அழுத்தினாலும் சரி, அடுத்த ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி ஒன்றுதான்: பிரிட்ஜ் உயரத்தில் 5.6 சதவீதம். நம் கணக்கில் 0.17 மி.மீ. இரண்டு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அந்த இடத்தில் நுழையாது. ஒரு ஃப்ரெட் 0.1 மி.மீ. உயர்ந்து நின்றால், கம்பி அதிர்வதற்கு இருந்த இடத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. கண்ணால் பார்த்தால் அந்த உயரம் தெரியவே தெரியாது.

அரம் பிடிக்கும் கை

கை வேலையின் முறை ஊருக்கு ஊர் மாறினாலும் சாரம் ஒன்றே. கம்பிகளைக் கழற்றி, கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருகி, கழுத்தை முடிந்தவரை நேராக்குகிறார்கள். விரல் பலகையின் மரத்தில் கீறல் விழாமலிருக்க ஃப்ரெட்டுகளுக்கு இடையே மாஸ்கிங் டேப் ஒட்டுகிறார்கள். மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் ஒரு சிறிய நேர்விளிம்புத் தகட்டை வைத்தால், நடு ஃப்ரெட் உயர்ந்திருந்தால் தகடு இப்படியும் அப்படியும் ஆடும். இவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதித்து உயர்ந்த இடங்களைக் குறித்துக்கொள்கிறார்கள்.

பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். எல்லா ஃப்ரெட்டின் தலையிலும் கறுப்பு மார்க்கரால் கோடு போடுகிறார்கள். அடியில் உப்புத்தாள் ஒட்டிய, துல்லியமாகச் சமன் செய்த நீளமான அலுமினியக் கட்டையை, அதன் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல், கம்பி ஓடும் திசையிலேயே இழுக்கிறார்கள். இரண்டு இழுப்புக்குப் பிறகு பார்த்தால் மூன்றாவது, எட்டாவது, பதினான்காவது ஃப்ரெட்டுகளில் மை போய் வெள்ளி போல மின்னும். மற்றவை கறுப்பாகவே இருக்கும். இன்னும் சில இழுப்பு. கறுப்பு ஒவ்வொன்றாக மறைகிறது. கடைசி ஃப்ரெட்டில் மை மறையும் கணத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரிவதில்தான் தொழில் இருக்கிறது. அதற்குமேல் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் கிட்டாரின் ஆயுளைத்தான் சுரண்டுகிறது.

ஏனென்றால் புது ஃப்ரெட்டின் உயரமே ரகத்தைப் பொறுத்து சுமார் 1.1 முதல் 1.4 மி.மீ.தான். வழக்கமான ஃப்ரெட் உலோகத்துக்கு நிக்கல் சில்வர் என்று பெயர், ஆனால் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம். உயரம் பாதியாகிவிட்டால் விரல் மரத்தில் முட்டும், கம்பியை இழுத்து வாசிக்கப் பிடிமானம் இருக்காது. பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடிப்பதைத் தவிர வழியில்லை.

சீவியதோடு வேலை முடிவதில்லை. சீவிய ஃப்ரெட்டின் தலை தட்டையாகிவிடும். தட்டைத் தலையில் கம்பி நடுக்கோட்டில் உட்காராமல் பிரிட்ஜ் பக்கத்து ஓரத்தில் உட்காரும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இந்த நகர்வு முக்கால் மில்லிமீட்டர் என்றால் சுருதி ஏறக்குறைய 4 சென்ட் ஏறிவிடும். அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்பது கணக்கு. காது கூர்மையான ஒருவருக்கு கார்டு வாசிக்கும்போது அது உறுத்தும். ஆகவே மறுபடியும் மை பூசி, உட்குழிவான அரத்தால் இரண்டு பக்கமும் தேய்த்து, நடுவில் நூலளவு கறுப்புக்கோடு மட்டும் மிஞ்சும்படி ஃப்ரெட்டுக்கு மறுபடி வட்ட முதுகு கொடுக்கிறார்கள். பிறகு பாலிஷ்.

கம்பி கழற்றியதும் மாறும் கழுத்து

இத்தனை நுணுக்கமான கை வேலைக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. அளப்பதும் சீவுவதும் கம்பி இல்லாத கழுத்தில் நடக்கின்றன. வாசிப்பது கம்பி கட்டிய கழுத்தில். 10 கேஜ் (தடிமன் அளவு) எலெக்ட்ரிக் கம்பி செட் ஒன்று சுருதியில் நிற்கும்போது கழுத்தை இழுக்கும் விசை சுமார் 45 கிலோ. அக்குஸ்டிக் கிட்டாரில் 70 கிலோவைத் தாண்டும். மரம் இந்த இழுவைக்கு ஒழுங்கான வில்லாக வளைவதில்லை. ஒரு கழுத்து ஐந்தாவது ஃப்ரெட் அருகே அதிகம் வளையும்; இன்னொன்று கழுத்தும் உடலும் சேருமிடத்தில் மேடு தட்டும். மேசைமேல் மட்டமாக இருந்த ஃப்ரெட்டுகள் கம்பி ஏற்றியதும் மட்டமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கை வினைஞர்களுக்கு இது தெரியாததல்ல. அமெரிக்காவின் பெயர்பெற்ற கிட்டார் பழுதுநீக்குநர் டான் எர்ல்வைன் இதற்காகவே ஒரு தாங்கி வடிவமைத்தார். கம்பியோடு இருக்கும்போது கழுத்து எந்த வளைவில் இருந்ததோ, அதை அளவுமானிகளில் பதிந்துகொண்டு, கம்பியைக் கழற்றிய பிறகும் கழுத்தை அதே வளைவில் பிடித்துவைக்கும் அமைப்பு அது. கம்பியைக் கழற்றாமலே அதன் அடியில் மெல்லிய கட்டையை நுழைத்துச் சீவுகிறவர்களும் உண்டு. பொறுமை அதிகம் வேண்டும். பலன் நன்றாகவே இருக்கும்.

இதே ஓட்டையை அடைக்க வந்ததுதான் பெர்லினில் கெர்ட் ஆங்கே என்பவர் உருவாக்கிய 'பிளெக்' இயந்திரம். கிட்டாரைக் கம்பி கட்டி, சுருதி கூட்டி, வாசிக்கும் நிலையிலேயே உள்ளே பொருத்துகிறார்கள். உணரி ஒன்று கழுத்து நெடுக ஓடி ஒவ்வொரு ஃப்ரெட்டின் உயரத்தையும் அளக்கிறது. திரையில் கழுத்தின் வளைவு ஒரு கோடாக வருகிறது. எந்த ஃப்ரெட் கோட்டுக்கு மேல், எது கீழ் என்று தெளிவாகத் தெரிகிறது. இயக்குபவர் திரையிலேயே வெட்டிப் பார்க்கலாம். ஆக்‌ஷனை, அதாவது கம்பியின் உயரத்தை, இன்னும் தாழ்த்தினால் எங்கே உரசும், எவ்வளவு உலோகம் போகும் என்பது ஒரு துகளும் உதிராமல் தெரிந்துவிடும். பிறகுதான் கம்பியை நீக்குகிறார்கள்; இயந்திரம் சக்கரத்தால் சீவுகிறது, முதுகையும் வட்டமாக்கிவிடுகிறது. இழுவிசை இருந்தபோது எடுத்த அளவுதான் வெட்டுக்கு அடிப்படை.

நாஷ்வில் நகரில் ஜோ கிளேசரின் பட்டறை, அமெரிக்காவில் இதைத் தொடக்கத்திலேயே வாங்கிய இடங்களில் ஒன்று. கிப்சன் போன்ற பெரிய கம்பெனிகள் தொழிற்சாலைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கழுத்துகள் ஓடும் இடத்தில், மாலை ஐந்து மணிக்கு அலுத்துப்போன கைக்கும் காலை ஒன்பது மணிக் கைக்கும் உள்ள வித்தியாசத்தை அழிக்க அவர்களுக்கு இது தேவை. அந்த நியாயம் மறுக்க முடியாதது.

இயந்திரத்தின் பலம் வெட்டுவதில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல கையும் அதே அளவு சுத்தமாக வெட்டும். இயந்திரம் ஜெயிப்பது அளப்பதில்: கம்பியின் இழுவையோடு அளப்பது, வெட்டுமுன் விளைவைக் காட்டுவது, தேவைக்குமேல் ஒரு துகள்கூட எடுக்காமல் இருப்பது. விளிம்புகளைப் பார்ப்பதும் கடைசிப் பளபளப்பும் இன்னும் கையால்தான் நடக்கின்றன.

அளவிலும் அதற்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஃப்ரெட்டின் அடிக்காலில் சிறு முட்கள் இருக்கும். மரத்தின் வெட்டுக்குள் அவைதான் அதைப் பிடித்துவைக்கின்றன. பிடி தளர்ந்த ஃப்ரெட் மெல்ல மேலே எழும்பி நிற்கும். இயந்திரத்தின் கண்ணுக்கு அது உயரமான ஃப்ரெட், அவ்வளவுதான். எழும்பிய அளவைச் சீவிவிடும். வாசிப்பவர் விரலால் அழுத்தும்போது அது மரத்துக்குள் இறங்கி, இப்போது எல்லாவற்றையும்விடப் பள்ளமாகிவிடும். அனுபவமுள்ள கை முதலில் செய்வது ஒவ்வொரு ஃப்ரெட்டின் இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதுதான். அசைந்தால் சுத்தியலால் தட்டி, பசை விட்டு, உட்கார வைத்த பிறகே அரம். ஆகவே பிளெக் வைத்திருக்கும் நல்ல பட்டறைகளிலும், இயந்திரத்துக்குள் போகுமுன் ஒரு மனிதர் இந்தச் சோதனையைச் செய்கிறார். அதைச் செய்யாத பட்டறையில் எவ்வளவு விலையுள்ள இயந்திரம் இருந்தும் பயனில்லை.

இதே பிரச்சினைக்குத் தஞ்சாவூர் வீணைக்காரர்கள் வேறு தீர்வு கண்டிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வீணையின் 24 மெட்டுகளும் (அதன் ஃப்ரெட்டுகள்) கறுப்பு மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. தேன்மெழுகில் கரித்தூள் சேர்த்துச் செய்வது. மெட்டு உயர்ந்தாலோ சுரம் விலகினாலோ உலோகத்தைச் சீவ வேண்டாம். மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திவிடலாம். மேளம் கட்டுவது என்று சொல்லும் இந்த வேலையில் காதுதான் அளவுகோல். இதில் உலோகம் குறைவதில்லை, ஆனால் வெயிலில் மெழுகு தளர்ந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். கிட்டாரில் இந்த வசதி இல்லை. எடுத்த உலோகம் எடுத்ததுதான்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றிலிருந்து ஏ.சி. அறைக்கும் அங்கிருந்து மேடைக்கும் போய்வரும் கிட்டாரின் கழுத்து அசைந்துகொண்டேதான் இருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு துல்லியமாக யார் சீவிக் கொடுத்தாலும், அந்தத் துல்லியம் பருவம் மாறும்வரைதான். ஆகவே உள்ளூரில் ஒரு நல்ல கை கிடைத்தால், இயந்திரம் தேடிக் கிட்டாரைக் கடல் கடந்து அனுப்புவது வீண் செலவு என்பேன். கமகத்துக்காகக் கம்பியைக் குறுக்கே நீளமாக இழுப்பவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரல் பலகை வளைவானது, 184 மி.மீ. ஆரமுள்ள பழைய ஃபெண்டர் பலகையில் இழுத்த கம்பி மேல் ஃப்ரெட்டுகளில் முட்டி ஒலி அப்படியே நின்றுவிடும். அங்கே கொஞ்சம் கூடுதலாகச் சீவித் தாழ்த்த வேண்டியிருக்கும்.

இரைச்சல் என்றதும் அரத்தைக் கையில் எடுப்பவரிடம் கிட்டாரைக் கொடுக்காதீர்கள். ட்ரஸ் ராடைக் கால் திருப்பு தளர்த்தினாலே பல இரைச்சல்கள் அடங்கிவிடும். திறந்த கம்பி மட்டும் இரைந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். ஃப்ரெட்டுக்கு அதில் பங்கில்லை. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, கம்பி கட்டிய நிலையில் அளந்து, எவ்வளவு எடுக்கப்போகிறேன் என்று சொல்பவர் கையில் அரம் இருந்தாலென்ன, பெர்லின் இயந்திரம் இருந்தாலென்ன? நீங்களும் அவரிடம் எந்தக் கேஜ் கம்பி, எந்தச் சுருதி என்று சொல்லிவிடுங்கள். 9 கேஜுக்கு மட்டம் செய்த கழுத்தில் பிறகு 11 கேஜ் மாட்டினால் இழுவை ஏறத்தாழ 15 கிலோ கூடும். இரைச்சலோ உயரமோ மாறினால் முதலில் திருக வேண்டியது ட்ரஸ் ராடைத்தான்.