பில்டு பச்சையாக இருந்தால் போதுமா?

நண்பர் ஒருவருக்காக முகவரிச் சீட்டு அச்சிடும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். ஊர்ப்பெயருக்கு 9 எழுத்து இடம். ஒருநாள் சீட்டில் 'புதுச்சேர' என்று வந்தது. கடைசி சுழியைக் காணோம்!

காரணம் எளிது. நமக்கு புதுச்சேரி 5 எழுத்து. பைத்தானின் நீளம் பார்க்கும் கட்டளைக்கோ 10. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். நிரலைத் திருத்தும்போது, எழுத்தை எண்ணாமல் குறியீட்டை எண்ணி வெட்டிவிட்டேன்.

ஆனால் இதைப் பிடிக்கத்தானே சோதனை எழுதி வைத்திருந்தேன்? புதுச்சேரி 5, காரைக்கால் 5, மாஹே 2, ஏனாம் 3. பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட்டில் எழுதி, மேக்ஃபைலில் சேர்த்து, விஎஸ் கோடில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பி தட்டினால் ஓடுகிற மாதிரி இணைத்திருந்தேன். தேடிப் பார்த்தால், அந்தச் சோதனை ஒருநாளும் ஓடவே இல்ல.

எடிட்டர், மேக், யூனிட்டெஸ்ட் மூன்றுக்கும் ஒன்றை ஒன்று தெரியாது. அவற்றுக்குள் போய்வரும் சேதி ஒரே ஓர் எண்தான்: நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் முடிவு எண். 0 என்றால் நலம், வேறு எதுவானாலும் கோளாறு. திரையில் எத்தனை பிழை ஓடினாலும் மேக் அதைப் படிக்காது. அந்த எண் தொலைகிற இடங்கள் மூன்று.

ஒன்று, பெயர் மோதல். இலக்குக்கு 'டெஸ்ட்ஸ்' என்று பெயர் வைத்தேன். அதே பெயரில் கோப்புறையும் இருந்தது. 'இதுதான் ஏற்கெனவே இருக்கே' என்று மேக் வேலை செய்யாமல் 0 தந்துவிட்டது. அந்த இலக்கை ஃபோனி என்று அறிவித்தால் தீர்ந்தது.

இரண்டு, கோப்பின் பெயர். யூனிட்டெஸ்ட் தானாகத் தேடும்போது, ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று தொடங்கும் கோப்புகளைத்தான் எடுக்கும். நான் தமிழில் பெயர் வைத்திருந்தேன். 0 சோதனை ஓடியது, ஆனாலும் ஓகே! பைத்தான் 3.12 முதல் இந்த நிலைக்கு முடிவு எண் 5 வரும். அதற்கு முந்தைய பதிப்புகளில் 0தான்.

மூன்று, குழாய். வெளியீட்டைக் கோப்பிலும் சேமிக்க 'டீ' கட்டளைக்கு அனுப்பினால், மேக்குக்குக் கிடைப்பது டீயின் முடிவு எண், சோதனையுடையது அல்ல. பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் விருப்பத்தைப் போட்டால் சரியாகும்.

எனக்கு முதல் இரண்டும் சேர்ந்தே நடந்தது. ஒன்றைச் சரிசெய்த பிறகும் பில்டு பச்சையாகவே இருந்ததால், இரண்டாவதைத் தேட ஒரு மாலை போயிடுச்சு.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இணைத்து முடித்ததும் ஏனாமுக்கு 4 எழுத்து என்று வேண்டுமென்றே தப்பா எழுதி பில்டை ஓட்டுவேன். நின்றால்தான் இணைப்பு இருக்கிறது என்று பொருள். அப்புறம் 3 என்று திருத்திவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பேன். உங்கள் பில்டிலும் இன்றைக்கே ஒருமுறை செய்து பாருங்க.