பைஜாமா போட்ட அமைச்சர்: லண்டன் மேடையில் ஒரு கதை... திண்டுக்கல் பக்கத்தில் இன்னொரு கதை!

ஆஸ்பத்திரி கட்டிலில், பைஜாமாவோடு ஒரு நோயாளி. மயக்கத்தில் அவருடைய மொத்த வாழ்க்கையும் கனவாக ஓடுகிறது. அவர் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியே அவர் கொண்டுவந்த திட்டத்தில் இயங்குவதுதான்.

2024-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறிய ‘நை’ நாடகம் இது. எழுதியவர் டிம் பிரைஸ். பிரிட்டனின் இலவச மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்-ஐ உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவனாக நடித்தவர் மைக்கேல் ஷீன்.

யார் இந்த பெவன்?

வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். 13 வயதில் அவரும் சுரங்கத்தில் இறங்கினார். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு அப்பா இறந்துபோனார். சொந்த ஊரான ட்ரெடீகரில் தொழிலாளர்கள் சம்பளத்தில் கொஞ்சம் போட்டு, தங்களுக்கென டாக்டர்களை வைத்திருந்தார்கள். அதை நாடு முழுக்கக் கொண்டுபோனதுதான் பெவன் செய்த வேலை.

சும்மா நடந்துவிடவில்லை. 1948 தொடக்கத்தில் நடந்த வாக்கெடுப்பில், கிட்டத்தட்ட 10-க்கு 9 டாக்டர்கள் எதிர்த்தார்கள். ஸ்பெஷலிஸ்ட்கள் தனியாகவும் பிராக்டிஸ் செய்யலாம் என்று இறங்கிவந்தார் பெவன். 1948 ஜூலை 5-ல் சேவை தொடங்கியது.

சரி, நம்ம ஊர்ல?

அதே காலத்தில் இங்கேயும் கனவு இருந்தது. பணம் கட்ட முடியாததால் யாருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்று 1946-லேயே சொன்னது ஜோசப் போர் கமிட்டி. இன்றைய ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு விதை அதுதான். ஆனால், அந்தத் திட்டம் முழுசாக நடக்கவில்லை.

திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் போனால் சின்னாளபட்டியை ஒட்டி வருகிறது காந்திகிராமம். 1947-ல் அதைத் தொடங்கியவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். டாக்டரான கணவரை இளம் வயதிலேயே இழந்து, அதன்பிறகு டெல்லி போய் மருத்துவம் படித்தவர். சின்ன கிளினிக்காக ஆரம்பித்ததுதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை.

1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் எம்.எல்.ஏ., 1962-ல் திண்டுக்கல் எம்.பி., மத்திய கல்வித் துணை அமைச்சர் என அரசியலிலும் வலம்வந்தார். 1964-ல் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனமும் காந்திகிராமத்தில் உருவானது.

பெவன் பதவிக்கு வந்து ஆஸ்பத்திரி தந்தார். சௌந்தரம் ஆஸ்பத்திரியைத் தொடங்கிவிட்டு, பிறகு ஓட்டுக் கேட்டார். இதுவும் மேடைக்கு ஏற்ற கதைதான்!

இதில் நமக்கு என்ன?

மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் என்று சொந்த அரசே முடிவெடுத்தபோது, 1951-ல் பதவியைத் தூக்கி எறிந்தார் பெவன். சேவை தொடங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. இலவச சிகிச்சை ஒருமுறை வந்துவிட்டால் அப்படியே இருக்கும் என்று நினைக்க முடியாது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், ‘நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டாக்டர் இருக்காங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள்.