மறுப்பின் விலை

1667 நவம்பரில், பதினான்காம் லூயியின் அவைமுன் ழான் ரசீனின் 'ஆந்த்ரோமாக்' முதன்முதலாக நடிக்கப்பட்டது. ஒரெஸ்தஸ் ஹெர்மியோனை விரும்புகிறான், அவள் பிர்ருஸை, அவன் ஆந்த்ரோமாக்கை, அவளோ ட்ராய்ப் போரில் இறந்த கணவன் ஹெக்டரை. 'பாவம், யாருக்கும் வாய்க்காத காதல்' என்று உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படி நகரக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

யார் யாரை விரும்புகிறார்கள் என்பதைத் தள்ளிவைத்து, யார் யாருடைய பிடியில் இருக்கிறார்கள் என்று கேட்போம். பிர்ருஸ் எப்பிரஸின் அரசன். ஹெக்டரைக் கொன்ற அகிலீஸின் மகன். ஆந்த்ரோமாக் அவனுடைய போர்க்கைதி. அவள் மகனை ஒப்படைக்கச் சொல்லி கிரேக்கர்கள் ஒரெஸ்தஸைத் தூது அனுப்புகிறார்கள். பிர்ருஸ் அவளிடம் சொல்வதன் சாரம் இதுதான்: என்னைக் கட்டிக்கிட்டா பிள்ளை பிழைக்கும், இல்லேன்னா அவங்க கையில கொடுத்துடுவேன். இதையே அவன் உருகி உருகிச் சொல்கிறான். அவளுக்காகக் கிரேக்கம் முழுவதையும் பகைக்கத் தயாராக இருக்கிறான். அந்த உருக்கத்தில்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

ரொலான் பார்த் 1963இல் வெளியான தன் நூலில் ரசீனின் நாடகங்களை ஒரு சமன்பாடாகச் சுருக்கினார். 'அ'வுக்கு 'ஆ'வின் மீது முழு அதிகாரம். 'அ' 'ஆ'வை விரும்புகிறது. 'ஆ' 'அ'வை விரும்பவில்லை. மையத்தில் இருப்பது காதல் அல்ல, அதிகாரம்.

இதை 'ஒருதலைக் காதல்' என்று மட்டும் சொன்னால் போதாது. தொல்காப்பியம் கைக்கிளையையும் பெருந்திணையையும் தனித்தனியாகத்தானே வைத்தது? ஒருபக்க விருப்பம் தன்னளவில் வன்முறை இல்லை. 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு எப்போது விலை வைக்கப்படுகிறதோ அப்போதுதான் அது வன்முறையாகிறது. ஆந்த்ரோமாக் கடைசியில் சம்மதிக்கிறாள். ஆனால் மணம் முடிந்த கையோடு உயிரை விட்டுவிடுவது என்று முடிவெடுத்த பிறகே சம்மதிக்கிறாள். இந்தச் 'சரி'யைச் சம்மதம் என்று எப்படி எண்ணுவது?

ஹெர்மியோனைப் பாருங்கள். பிர்ருஸுக்கு நிச்சயிக்கப்பட்டுக் கைவிடப்பட்டவள். அவன்மீது அவளுக்கு எந்த அதிகாரமும் இல்லை, ஒரெஸ்தஸ்மீது இருக்கிறது. அவனைக் கொலைக்கு ஏவுகிறாள். மணமேடையிலேயே பிர்ருஸ் கிரேக்கர்களால் வெட்டப்பட்ட பிறகு, 'உன்னை யார் செய்யச் சொன்னது' என்கிற தொனியில் ஒரெஸ்தஸ் மீதே பாய்கிறாள். பிறகு பிணத்தருகே தன்னையும் மாய்த்துக்கொள்கிறாள். ஒரெஸ்தஸுக்குப் பித்துப் பிடிக்கிறது. பாதிக்கப்பட்டவளும் கையில் அதிகாரம் கிடைத்த இடத்தில் அதே இலக்கணத்தைத்தான் பேசுகிறாள்.

இன்னொன்றும் உண்டு. யூரிப்பிடீஸின் நாடகத்தில் ஆந்த்ரோமாக்கின் பிள்ளை, சிறைப்பிடித்தவனுக்கே அவள் பெற்ற பிள்ளை. ரசீன் அதை மாற்றி, ஹெக்டரின் மகனை உயிரோடு வைத்தார். தன் பார்வையாளர்கள் அவளை ஹெக்டரின் விதவையாக மட்டுமே அறிவார்கள் என்பது முன்னுரையில் அவர் சொன்ன நியாயம். நியாயம் இருக்கட்டும். விளைவு என்ன? அடிமைப் பெண்ணின் உடல்மீது நடந்த பலவந்தம் மேடையிலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பிள்ளை மேடையில் நின்றிருந்தால் பிர்ருஸ் காதலனாகத் தெரிந்திருப்பானா?

ஆக, வெறி காதலாகத் தெரிவது பார்ப்பவரின் அசட்டுத்தனத்தால் மட்டுமல்ல. எதையோ மறைத்தால்தான் அப்படித் தெரியும். நாம் எழுதும் காதல் கதைகளிடமும் இதைக் கேட்டாக வேண்டும்: அவள் 'மாட்டேன்' என்றால் அடுத்து என்ன நடக்கும்? அந்தப் பக்கத்தை எழுதினோமா, கிழித்துப் போட்டோமா?