அஸ்திவாரத்துக்குள் குழாய்! கட்டிடமே குளுகுளு!
பனி நாட்டில் கதகதப்பு, செட்டிநாட்டுக்கு ஏற்குமா?

கீழச்சிவல்பட்டி:

வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. பழைய செட்டியார் வீட்டு முகப்பைத் தாண்டி வளவுக்குள் கால் வைத்தால் தரை சில்லென்று இருக்கிறது. ஏ.சி. கிடையாது!

கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, காற்றோட்டத்துக்கு முற்றம், மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் தரை. ரகசியம் இவ்வளவுதான்.

மேலே வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும், பூமிக்குள் பதினைந்து இருபது அடிக்குக் கீழே வருஷம் பூராவும் ஏறக்குறைய ஒரே சூடுதான். நம் பக்கத்தில் அது சுமார் 28, 29 டிகிரி. மேலே 40 டிகிரி கொளுத்தும்போது, கீழே ‘குளுகுளு’!

தூணுக்குள் தண்ணீர்

பூமியின் இந்தக் குணத்தை அஸ்திவாரம் மூலமாகவே பிடித்துவிட்டார்கள் வெளிநாட்டுக்காரர்கள். 1980-களில் ஆஸ்திரியாவில் தொடங்கிய முறை இது.

சுவிட்சர்லாந்தில் ஜூரிச் விமான நிலையத்தில் 2003-ல் ஒரு புதிய கட்டிடம் திறந்தார்கள். அதைத் தாங்கும் பைல் தூண்களில் 300-க்கும் மேற்பட்டவற்றுக்குள் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. குழாயில் சுற்றும் தண்ணீர் குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை மேலே கொண்டு வருகிறது. ‘ஹீட் பம்ப்’ என்ற இயந்திரம் அதைக் கூட்டிக் கட்டிடத்தைக் கதகதப்பாக்குகிறது. கோடையில் நேர் எதிர்! கட்டிடத்தின் சூடு மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. டெல்லிக்குப் பக்கத்தில், அரியானாவின் குவால் பகாரியில் உள்ள ‘டெரி’ நிறுவனப் பயிற்சி மையத்தில், நிலத்துக்கு 4 மீட்டர் அடியில் பெரிய குழாய்கள் பதித்து, காற்றைப் பூமிக்குள் ஓடவிட்டு அறைகளுக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே என்ன சிக்கல்?

நமக்குக் கதகதப்பு வேண்டாம், குளுமைதான் வேண்டும். ஏ.சி. தன் சூட்டை 40 டிகிரி காற்றில் தள்ளத் திணறும். 29 டிகிரி மண்ணில் தள்ளினால் கரண்ட் மிச்சம்.

ஆனால் ஒன்று. ஜூரிச்சில் கோடையில் போட்ட சூட்டைக் குளிர்காலத்தில் எடுத்துவிடுகிறார்கள். இங்கே போடுவது மட்டும்தான், எடுப்பது இல்லை. வருஷக்கணக்கில் மண்ணே சூடேறிவிடும். லாட்ஜ், ஆஸ்பத்திரி என்றால் அந்தச் சூட்டை வெந்நீருக்குத் திருப்பலாம். நாலைந்தடி கடைக்கால் எடுக்கும் சின்ன வீட்டுக்கு இது தோதுப்படாது.

போனால் வராது!

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே கம்பிக்கூட்டில் குழாயைக் கட்டிவிட வேண்டும். ஊற்றிய பிறகு ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை. அப்புறம் தனியாகப் போர் போட வேண்டும், தனிச் செலவு! பைல் போட்டுப் பெரிய கட்டிடம் எழுப்புகிறவர்கள் பிளான் போடும்போதே என்ஜினீயரைக் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு பக்கம், தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் விலை பேசி, செட்டிநாட்டின் பழைய வீடுகள் பல இடிபட்டுவிட்டன. அந்த இடத்தில் மெல்லிய சுவரோடு கான்கிரீட் வீடு எழும்புகிறது. ஜன்னலுக்கு ஜன்னல் ஏ.சி. பெட்டி தொங்குகிறது!

வளவு வீடு வைத்திருப்பவர்களே, கடப்பாரையைத் தூக்குமுன் உங்கள் தரையில் ஒரு மத்தியானம் படுத்துப் பாருங்கள்!