நீரிழிவும் நோவறியாக் காலும்

நீரிழிவு நோயாளர் ஒருவர் வைத்தியசாலைக்கு வருகின்றார். குருதி எடுக்கப்படுகின்றது, சற்று நேரத்தில் சீனியின் அளவு ஓர் எண்ணாக அவர் கைக்கு வந்து சேர்கின்றது. எண் குறைந்திருந்தால் அவர் முகம் மலர்கின்றது, கூடியிருந்தால் வாடுகின்றது. எவ்வாறாயினும் வந்த காரியம் முடிந்துவிட்டதென்றே அவர் எண்ணுகின்றார். அவ்வேளையில் வைத்தியர், "செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் காட்டுங்கள்" என்று கூறினால் தயங்குவோர் பலர். சீனி வருத்தத்துக்குக் காலைப் பார்ப்பானேன் என்ற ஐயம் அவர்கள் உள்ளத்தில் எழுகின்றது. படித்த ஒருவர் முன்னே காலை நீட்டுவது மரியாதை அன்று என்ற கூச்சமும் சிலரைத் தடுக்கின்றது. ஐயமும் கூச்சமும் இயல்பானவையே. எனினும் அவற்றால் மறைந்துபோகும் சிறு புண் ஒன்று பின்னர் ஒரு காலையே கொண்டுபோய்விடக் கூடும். ஆதலின் அந்த ஐயத்துக்கு விடை காண்பது அவசியமாகும்.

நீரிழிவு என்பதும் சலரோகம் என்பதும் ஒரே நோயின் பெயர்கள். இரைப்பைக்குப் பின்புறமாக அமைந்துள்ள சதையி என்னும் உறுப்பு இன்சுலினைச் சுரக்கின்றது. உணவின் வழியாகக் குருதியிற் சேரும் குளுக்கோசைத் தசை முதலியன ஏற்றுப் பயன்படுத்துவதற்கு இந்த இன்சுலினின் துணை வேண்டும். இன்சுலின் சுரவாவிடினும், சுரந்தும் அதன் ஏவலுக்கு உடல் இணங்காவிடினும், குளுக்கோசு குருதியில் மிகுகின்றது. அளவு கடந்தபோது சிறுநீரோடு வெளியேறுகின்றது. அடிக்கடி சலம் போதல், தணியாத தாகம், உடல் மெலிவு என்பன இதனால் உண்டாகின்றன.

பண்டைக்கால வைத்தியர்களிடம் குருதியை அளக்கும் கருவி இருக்கவில்லை. கண்ணும் கையும் நாவுமே அவர்களுக்குக் கருவிகளாயின. சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்ட ஆயுர்வேத வைத்தியர் இந்நோயை மதுமேகம் என்றனர். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் வில்லிஸ் என்பார் நோயாளரின் சிறுநீர் தேன்போல் இனிப்பதாக எழுதினார். 1776ஆம் ஆண்டில் மத்தியூ டொப்சன் அவ்வினிப்புக்குக் காரணம் சீனியே எனக் காட்டினார். 1921ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் பிரெடரிக் பான்ரிங், சாள்ஸ் பெஸ்ற் ஆகியோர் நடத்திய ஆராய்ச்சியின் பயனாக இன்சுலின் கிடைத்தது. மறு ஆண்டிலேயே அது நோயாளருக்கு ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் விரைவில் மாண்டுபோன இளம் நோயாளர் பல்லாண்டு வாழலாயினர். அவ்வாறு நெடுங்காலம் வாழ்ந்தோரிடத்தே, மிகுந்த சீனி மெல்ல மெல்ல உடலுக்கு இழைக்கும் தீங்குகளும் தெளிவாகத் தெரியலாயின.

இன்று நோயை அறிவதற்குக் குருதிச் சோதனை உண்டு. இரவு முழுவதும் உண்ணாதிருந்து எடுத்த குருதியில், டெசிலீற்றர் ஒன்றுக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட குளுக்கோசு இருந்து, மறு சோதனையும் அதனை உறுதி செய்தால், அது நீரிழிவாகும். எச்.பி.ஏ.1சி என்னும் மற்றொரு சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சீனி சராசரியாக எந்நிலையில் இருந்தது என்பதைக் காட்டும். இவை இன்றியமையாத சோதனைகள். ஆனால், பத்து ஆண்டுகளாகக் கூடியிருந்த சீனி கண்ணின் நுண்குழாய்களையும் காலின் நரம்புகளையும் எந்நிலையில் விட்டிருக்கின்றது என்பதை இவ்வெண்கள் கூறமாட்டா. அதனை உடலையே பார்த்தும் தொட்டும் அறிதல் வேண்டும்.

தேர்ந்த வைத்தியரின் பரிசோதனை நோயாளர் அறைக்குள் நுழையும்போதே தொடங்கிவிடுகின்றது. நடை எப்படி, உடல் மெலிந்துள்ளதா, வயிறு பருத்துள்ளதா என்பவற்றை அவர் கவனிக்கின்றார். தென்னாசிய மக்களிடையே உடல் பெரிதும் பருக்காமலே வயிற்றில் கொழுப்புச் சேர்வதுண்டு. ஆதலின் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்பர். பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெற் துணிபோலத் தோன்றுவது மற்றோர் அறிகுறி. அழுக்கென்று எண்ணித் தேய்த்துக் கழுவினும் அக்கருமை போகாது. இன்சுலினுக்கு உடல் இணங்க மறுப்பதை அது பெரும்பாலும் உணர்த்துகின்றது.

அடுத்து, நோயாளரைக் கைகூப்பச் சொல்வார். வணக்கம் செலுத்துவதுபோல இரு கைகளையும் சேர்க்கும்போது உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளியின்றிப் பொருந்துதல் இயல்பு. நெடுநாள் நீரிழிவினால் தோலும் மூட்டுக்களைச் சூழ்ந்த இழையங்களும் இறுகியவர்க்கு விரல்களிடையே இடைவெளி தோன்றும். நோவு சிறிதும் இல்லாமையால், வைத்தியர் சுட்டிக்காட்டும் வரை அவர் அதனை அறிந்திரார். இன்சுலின் ஏற்றிக்கொள்பவராயின் ஊசி குத்தும் இடங்களையும் தடவிப் பார்த்தல் வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்புத் திரண்டு கட்டிபோலாகும். அவ்விடத்தில் ஏற்றிய மருந்து ஒழுங்காக உடலிற் சேராது. மருந்து தவறாது ஏற்றியும் சீனி கட்டுப்படாமைக்குக் காரணம் சிலருக்கு அங்கேயே இருக்கின்றது.

குருதியமுக்கத்தைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற பின்னரும் அளத்தல் நன்று. நின்றவுடன் மேல் அளவு 20 அலகுகளோ அதற்கு மேலோ வீழ்ந்தால், குருதிக்குழாய்களை இயக்கும் நரம்புகள் பழுதுற்றனவோ என்று ஆராய வேண்டும். காலையில் எழுந்தவுடன் தலை சுற்றுகின்றது என்று முறையிடும் முதியவருக்கு இச்சோதனை விடை தரக் கூடும்.

மூச்சைக் கவனித்தலும் பரிசோதனையின் ஒரு பகுதியே. இன்சுலின் மிகக் குறைந்தபோது உடல் கொழுப்பை அளவின்றி எரிக்க, குருதியில் அமிலம் சேர்கின்றது. அதனை வெளியேற்ற நோயாளர் ஆழ்ந்து பெருமூச்சு விடுவர். அம்மூச்சில் பழம் அழுகியது போன்றதொரு மணம் வீசும். ஜேர்மனிய மருத்துவர் அடோல்ப் குஸ்மௌல் 1874ஆம் ஆண்டில் விவரித்த இம்மூச்சு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. வாந்தியும் சோர்வும் உடைய ஒருவரிடம் இதனைக் கண்டால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

கண்ணை நோக்குவோம். 1851ஆம் ஆண்டில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். வெட்டித் திறவாமலே உயிருள்ள மனிதனின் குருதிக்குழாய்களை நேரே காணத்தக்க இடம் விழித்திரையாகும். மருந்துத் துளியிட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கையில், நீரிழிவினால் நலிந்த நுண்குழாய்கள் முதலிற் சிறு செம்புள்ளிகளாகப் புடைத்துத் தோன்றும். பின்னர் குருதிக் கசிவும் மஞ்சள் நிறப் படிவுகளும் காணப்படும். முற்றிய நிலையில் புதிய, வலுவற்ற குழாய்கள் முளைத்து, உடைந்து, பார்வையையே மறைத்துவிடும். இவை தொடங்கும் காலத்தில் நோயாளர் செய்தித்தாளைத் தெளிவாகவே வாசித்துக்கொண்டிருப்பார். பார்வை மங்கிய பின் சிகிச்சை கடினம்; மங்குமுன் கண்டால் லேசர் ஒளியாலும் வேறு மருந்துகளாலும் பெரும்பாலும் காக்கலாம்.

இனிக் காலுக்கு வருவோம். உடலின் நரம்புகளுள் மிக நீண்டவை முதுகின் அடியிலிருந்து கால்விரல் நுனிவரை செல்பவை. நீரிழிவு நரம்புகளைத் தாக்கும்போது நீண்டவற்றின் நுனிகளே பெரும்பாலும் முதலில் நலிகின்றன. ஆகவே விரல்களில் தொடங்கிய மரப்பு, காலுறை அணிந்தாற்போல மேல்நோக்கிப் படர்கின்றது. சிலருக்கு எரிவும் ஊசி குத்துவது போன்ற நோவும் உண்டாகும். அவர்கள் தாமாகவே வைத்தியரை நாடுவர். எவ்வித நோவும் இன்றி உணர்ச்சி மங்கிப்போகின்றவர்களே மிகுந்த ஆபத்தில் உள்ளவர்கள். காலிலிருந்து செருப்பு நழுவி விழுந்ததை அறியாது நெடுந்தூரம் நடந்துவிட்டேன் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால், வீட்டார் அதனை வேடிக்கையாகக் கொள்ளலாகாது.

நோவு இல்லாமை நன்மைதானே என்று கேட்கலாம். இக்கேள்விக்குத் தெளிவான விடை வேறொரு நோயிலிருந்து கிடைத்தது. 1914ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கொல்லிமலையிற் பிறந்த போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், 1946ஆம் ஆண்டு முதல் வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் உலகம் நம்பியிருந்தது. நோவை அறியாமையால் சூட்டையும் முள்ளையும் ஓயாத அழுத்தத்தையும் அவர்கள் உணர்வதில்லை. அக்காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று பிராண்ட் கண்டார். 1966ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். நீரிழிவு நோயாளரின் உணர்ச்சியற்ற பாதத்துக்கும் இதே உண்மை பொருந்துமென அங்கே எடுத்துக்காட்டப்பட்டது. பாதத்தோடு ஒட்டி அமையும் பாரிசுச் சாந்துக் கட்டினால் அழுத்தத்தைப் பகிர்ந்துவிட்டபோது, ஆறாதென்று கைவிடப்பட்ட அடிப்பாதப் புண்களும் ஆறின. நோவு என்பது உடல் தனக்கு வைத்துக்கொண்ட காவலாளி. காவலாளி உறங்கிய வீட்டை நாள்தோறும் கண்ணால் பார்த்துக் காக்க வேண்டியதாகின்றது.

பாதப் பரிசோதனை எளியது. பெரும் செலவு இல்லாதது. முதலில் இரு பாதங்களையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தல். வியர்வை நரம்புகள் நலிந்தமையால் தோல் வறண்டு வெடித்திருக்கலாம். விரலிடுக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் படர்ந்திருக்கலாம். அடிப்பாதத்தில் தோல் காய்த்துத் தடித்திருப்பின், அங்கே அழுத்தம் மிகுகின்றது என்பது பொருள். அதன் அடியிலே புண் மறைந்திருப்பதும் உண்டு. அடுத்து, புறங்கையை வைத்து இரு கால்களின் வெப்பத்தையும் ஒப்பிடுதல். பின்னர் மேற்பாதத்திலும் உட்கணுக்காலின் பின்னாலும் நாடித்துடிப்பைத் தேடுதல். துடிப்பு இல்லாமல் கால் குளிர்ந்திருப்பின் குருதியோட்டம் குறைந்துள்ளது. அத்தகைய காலில் சிறு கீறலும் ஆறுவது அரிது.

உணர்ச்சியை அறிவதற்கு ஒரு நைலோன் இழை போதும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட அவ்விழையை முதலில் நோயாளரின் கையில் தொட்டுக் காட்டுவர். பின்னர் அவர் கண்ணை மூடிக்கொள்ள, பெருவிரலிலும் அடிப்பாதத்தின் முற்பகுதியிலும் இழை வளையும் வரை ஊன்றித் தொட்டதை உணர்கின்றாரா என்று கேட்பர். உணராதவருடைய பாதம் காவலற்ற பாதமாகும். செக்கனுக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் என்பின்மேல் வைத்து அதிர்வு தெரிகின்றதா என்று பார்ப்பதும், கணுக்காலின் பின்னுள்ள தசைநாணைத் தட்டிப் பாதம் அசைகின்றதா என்று பார்ப்பதும் இதனோடு சேர்ந்த சோதனைகள்.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்கிக்கொள்ளுதல் நன்று. நாடி நன்றாகத் துடித்து, பாதம் வெதுவெதுப்பாக இருந்தால் அது நலமான பாதமென்று துணிந்துவிடலாகாது. உணர்ச்சியற்ற பாதங்கள் பல இவ்வாறே தோன்றும். மேலும், ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடேறியிருக்க, நோவோ மிகச் சிறிதாயிருப்பின், உள்ளே என்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நரம்பு நோயினால் மூட்டுக்கள் இவ்வாறு சிதைவதை 1868ஆம் ஆண்டில் பிரான்சிய மருத்துவர் ஷார்க்கோ விவரித்தார்; 1936ஆம் ஆண்டில் வில்லியம் ஜோர்டன் இதனை நீரிழிவோடு தொடர்புபடுத்தினார். சுளுக்கென்று எண்ணி எண்ணெய் பூசி நடந்து திரிந்தால் பாதத்தின் உருவமே குலைந்துவிடும். காலை ஊன்றாது ஓய்வு கொடுத்து உடனே வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

வெறுங்காலோடு வயலில் இறங்குவதும், நண்பகல் வெயிலில் காய்ந்த கோயில் வீதியை வலம்வருவதும் நம் நாட்டு வழக்கங்கள். உணர்ச்சியுள்ள கால் சூட்டைக் கண்டவுடன் விலகும். உணர்ச்சியற்ற கால் கொப்புளம் எழும்வரை அங்கேயே நிற்கும். ஆகவே கோயிலுக்குச் செல்வோர் தரை குளிர்ந்த காலை மாலை வேளைகளைத் தேர்ந்துகொள்ளலாம். வீட்டுக்குள்ளும் செருப்பு அணிதல் நலம். அணியுமுன் அதனை உதறிக் கையால் துழாவிப் பார்த்தல் வேண்டும். வெந்நீரைக் காலால் சோதிக்கலாகாது. முழங்கையாலோ பிறர் கையாலோ சோதித்தல் வேண்டும். காய்த்த தோலைப் பிளேட்டினால் சீவுவதும், ஆணிக்கு மருந்து ஒட்டுவதும், சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் தவிர்க்க வேண்டியவை. இரவில் படுக்குமுன் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தை ஒற்றி, அடிப்பாதத்தைக் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கண்பார்வை குறைந்த முதியவர்க்கு மகனோ மகளோ பேரப்பிள்ளையோ பார்த்துச் சொல்லலாம்.

நடுவயதில் வரும் நீரிழிவு, கண்டறியப்படுமுன்னரே சில ஆண்டுகள் உடலில் மறைந்திருப்பதுண்டு. அதனால் நோய் கண்டறியப்பட்ட அன்றே கண்ணும் காலும் பரிசோதிக்கப்படல் வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும், பழுது கண்டால் இன்னும் அடிக்கடியும் பார்த்தல் வேண்டும். முதல் வாரத்திற் கண்ட புண் பெரும்பாலும் ஓய்வினாலும் மருந்துக்கட்டினாலும் ஆறிவிடும். நோவில்லையே என்று விட்ட புண் என்பு வரை சென்றபின், விரலை நீக்குவதா காலை நீக்குவதா என்ற பேச்சு எழுகின்றது. சனநெருக்கம் மிகுந்த கிளினிக்கில் வைத்தியர் கேட்க மறந்துவிடுதலும் கூடும். அவ்வேளையில் நோயாளர் கூச்சத்தை விட்டுச் செருப்பைக் கழற்றி, "ஐயா, என் காலையும் ஒருமுறை பாருங்கள்" என்று தாமே கேட்டுக்கொள்வது முற்றிலும் தகும்.